தள்ளிப்போடும் மாத்திரை

கம்பம் நட்ட மறுநாளிலிருந்து
சோமனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
எங்கள் மருந்துக்கடையில்
அதே மாத்திரையைத்தான் கேட்பார்கள்.
பெயர் தெரியாது. சிலர்
பழைய அட்டையின் கிழிந்த மூலையை நீட்டுவார்கள்.
சிலர் புறங்கையால் காற்றைத் தள்ளிக் காட்டுவார்கள்.

மயில்சாமி சைகையும் காட்டவில்லை.
கொசுவர்த்திக்குக் காசு கொடுத்துவிட்டு
போகிறபோக்கில் சொன்னார்:
"ஊட்டுக்காரிக்குங்க, அந்த மூணு நாள் தள்ளிப்போடறது
பத்து குடுங்க. புதன்கெழமை பூவோடு எடுக்கோணும்."

டாக்டர் சீட்டு?
"நோம்பிக்கு எதுக்குங்க சீட்டு?"

வயசு?
"நாப்பது இருக்குமுங்க."
கடைசியாக எப்போது தூரமானார்?
பின்னால் நின்றவர் சட்டென்று
ஹார்லிக்ஸ் பாட்டில்களை எண்ணத் தொடங்கினார்.
ஒற்றைத் தலைவலி வருமா, கண்முன் பூச்சி பறந்து?
மஞ்சக்காமாலை வந்ததுண்டா?
மாரில் கட்டி கிட்டி?
நாள் தப்பி நடுவில் ரத்தம் படுமா?
வயிற்றில் இப்போது எதுவும் இல்லையென்று நிச்சயமா?

"பொண்ணுப் பாக்கப் போனப்பக்கூட
இத்தன கேக்கலீங்க."

பதினெட்டு வருசம் ஒரே கூரை.
எந்தத் தறியில் எத்தனை மணிக்கு இழை அறும்,
எந்த மோட்டார் சித்திரையில் சூடாகும்
என்று கேட்டிருந்தால் ஒப்பித்திருப்பார்.

போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டார்.
கடை முழுக்கத் தறிச் சத்தம்.
நான் வாங்கி ஸ்பீக்கரை அணைத்து
காதோடு வைத்துக்கொண்டேன்.
தறியை நிறுத்துங்கள் என்றேன்.
ஒவ்வொன்றாக எட்டும் ஓய்ந்தபிறகுதான்
சாந்தாமணிக்குக் குரல் இருந்தது.

இல்லீங்க.
இல்லீங்க.
அதும் இல்லீங்க.
ஆமாங்க, எங்கம்மாவுக்கு.
என்னப் பெத்த பதினோராம் நாளு
காலு வீங்கி, மூச்சு முட்டி.
ரத்தம் கட்டிக்கிச்சுன்னாங்களாம்.

உங்களுக்கு?

எடது கெண்டக்காலு மட்டும், ஒரு வாரமா.
நின்னே பாக்கற வேலைங்களே.

தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கிறதா?
கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

நல்லெண்ண போட்டுத் தேச்சுட்டு இருக்கறனுங்க.

தேய்க்காதீர்கள் என்றேன்.
கத்தியிருப்பேன் போல,
தெருவில் போன பையன் திரும்பிப் பார்த்தான்.

அட்டை இன்னும் என் கையில்தான் இருந்தது.
ரத்தத்தை நிறுத்திவைக்கிற மாத்திரை.
எந்த ரத்தத்தை, எங்கே என்று
அட்டையில் எழுதியிருக்கவில்லை.

"இது வேண்டாம். நாளைக்கில்ல, இப்பவே
கோயமுத்தூர் கூட்டிட்டுப் போங்க.
காலுக்கு ஸ்கேன் எடுக்கோணும்."
"பூவோடு?"
"ஆராச்சும் எடுப்பாங்க."
அவர் முகத்தில் இருந்தது பயமில்லை,
என்மேல் கோபம்.
கொசுவர்த்தியை மறந்துவிட்டுப் போனார்.

போன வருச நோம்பிக்கு
நான் யாரையும் எதுவும் கேட்டதில்லை.
எத்தனை அட்டை விற்றேன் என்பது
பில் புத்தகத்தில் இருக்கிறது.
எத்தனை கால் என்று இல்லை.

கம்பம் பிடுங்கி ஆற்றில் விட்டு
ஒரு வாரம் கழித்து வந்தார், இந்த முறை சீட்டோடு.
ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, மூன்று மாதத்துக்கு.
சீட்டின் பின்பக்கம் பென்சிலில்
சாந்தாமணியின் கையெழுத்து:

சோத்துக்கு முன்னயா பின்னயா?
தலவலிக்குப் போடற மாத்திர இதுகூடப் போடலாமா?
பல்லு வெளக்கயில ரத்தம் வந்தா?
தூரமானா ரொம்பப் போகுமா?

அதற்குக் கீழே, அழித்து, மறுபடி அழுத்தி எழுதியது:
தூரமானா ஆத்தாளுக்கு என்னங்க ஆகும்?

மயில்சாமி நாலையும் சத்தமாக வாசித்தார்.
நான் சொன்ன பதிலைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்,
நாடாவில் நூல் கோப்பவர்போல உதடு குவித்து.
ஐந்தாவதை வாசிக்கவில்லை.
விரலால் காட்டினார்.

என் அலமாரியில் அதற்கு எதுவும் இல்லை.
பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு,
அன்று விட்டுப்போன கொசுவர்த்தியோடு
சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.